பாட்டு முடியட்டும், அப்புறம் பேசுங்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவானால் எழுபதுகளின் ஆங்கிலப் பாட்டு என்று ஒரு மணி நேரம் ஒதுக்குகிற பண்பலைக்காரர்களுக்கு வணக்கம். ஒரு நிலையத்தைக் குறிவைத்து எழுதவில்லை. இந்த வேலையை யார் யார் செய்கிறீர்களோ, எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

போன ஞாயிறு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுநாளைக்கு மாவு அரைத்து கிரைண்டரிலிருந்து வழித்துக்கொண்டிருந்தேன், முழங்கை வரைக்கும் மாவு. ரேடியோ ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. உங்களில் ஒருவர் கவுண்ட்டவுன் நடத்திக்கொண்டிருந்தார். ஐந்தாவது இடம் என்று சொல்லி, டென் சிசி என்ற இங்கிலாந்துக் குழுவின் 'ஐம் நாட் இன் லவ்' ஆரம்பித்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். மூன்று நிமிடம் நன்றாகத்தான் போனது. அதில் ஒரு இடம் வரும், எல்லாச் சத்தமும் அடங்கி ஒரு பெண் காதுக்குள் கிசுகிசுப்பது மாதிரி. அதற்கு அரை வினாடி முன்னால் பாட்டு தேய்ந்து, ஜிங்கிள் வந்து, பட்டுப்புடவைத் தள்ளுபடி வந்துவிட்டது. நாலாவது இடத்தில் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு நிலையத்துக்குப் போன் போட்டேன்.

எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "மூணு நிமிஷத்துக்கு மேல ஒரே பாட்டு ஓடினா கேக்குறவங்க வேற ஸ்டேஷன் மாத்திடுவாங்க ஆன்ட்டி" என்றான். ஆன்ட்டி என்றதை மன்னித்துவிட்டேன். மூன்று நிமிஷத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை, அதனால் இந்த மடல்.

தம்பி, நீ சொன்ன இதே காரணத்தை 1975இல் லண்டனிலும் சொன்னார்கள். குவீன் குழுவின் 'போஹீமியன் ராப்சடி' 5 நிமிடம் 55 வினாடி. இவ்வளவு நீளப் பாட்டை எந்த வானொலியும் போடாது, வெட்டிக் கொடுங்கள் என்று ரெக்கார்டு கம்பெனி அடம்பிடித்தது. பாடியவர்கள் மறுத்தார்கள். கேப்பிட்டல் ரேடியோவில் கென்னி எவரெட் என்று ஒரு ஒலிபரப்பாளர் இருந்தார், கொஞ்சம் கிறுக்குப் பிடித்த மனிதர். இசைத்தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே அவர் கையில் ஒன்று கிடைத்துவிட்டது. போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். அவர் என்ன செய்தார்? சனி ஞாயிறு இரண்டே நாளில் 14 முறை போட்டார். அப்புறம் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடத்தை விட்டு நகரவில்லை. யாரும் ஸ்டேஷன் மாற்றியதாகத் தெரியவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். எழுபதுகளின் நல்ல பாட்டுகள் பாதி, உங்கள் மாதிரி மைக் முன்னால் உட்கார்ந்தவர்களும் கிளப்பில் இசைத்தட்டு சுழற்றியவர்களும் கம்பெனி பேச்சைக் கேட்காததால் நமக்குக் கிடைத்தவை. நீங்கள் இப்போது கம்பெனியைவிடக் கம்பெனியாக இருக்கிறீர்கள்.

எட்டுப் பாட்டு எழுதியிருக்கிறேன், எட்டிலிருந்து ஒன்று வரை, என் சொந்த வரிசை. நீளத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். எட்டையும் முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரைக்கும் போட்டால் சுமார் 33 நிமிடம்தான் வருகிறது. மிச்சம் 27 நிமிடம் உங்களுக்கு. புடவை, ஃபிளாட், பல் ஆஸ்பத்திரி, என்ன வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தை என்னைப் பற்றி. பிறந்தது 1963, தூத்துக்குடி. எங்கள் ஊரில் சென்னை வானொலியைவிடக் கொழும்பு வானொலிதான் துல்லியமாகக் கேட்கும். நடுவில் இருப்பது கடல் மட்டும்தானே. வீட்டில் எல்லாரும் அங்கிருந்து வருகிற தமிழ்ச் சேவைக்குக் காத்திருப்பார்கள். அதே கொழும்பின் ஆங்கில ஒலிபரப்பை எங்கள் பெரிய அண்ணன் திருகிப் பிடிப்பான். அவன் அப்புறம் கப்பல் வேலைக்குப் போய் 1980இல் ஒரு டூ இன் ஒன், அதாவது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி, கொண்டுவந்தான். எனக்குப் பாட்டு வந்து சேர்ந்த வழி அவ்வளவுதான். காலேஜ் இங்கிலீஷோ கான்வென்ட் படிப்போ எனக்குக் கிடையாது.

சரி, எட்டு. போனி எம் குழுவின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்', 1978. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இசை விமர்சகர்கள் யாரும் இதைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள், எனக்கு அவர்கள் சம்பளம் தரவில்லை. எங்கள் ஆச்சிக்கு இங்கிலீஷ் பாட்டு என்றாலே சாத்தானின் வேலை. கோயிலுக்கு ஒரு ஞாயிறு தவறாதவள். ஒருநாள் இந்தப் பாட்டு ஓடும்போது அண்ணன் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுத ஜனங்கள், பிடித்துக்கொண்டு போனவர்கள் பாடச் சொல்லி வற்புறுத்துவது என்று. ஆச்சி தலை நிமிர்ந்து, "ஏல, இது நூத்தி முப்பத்தேழாம் சங்கீதம்லா" என்றாள், பைபிளில் இருக்கிற சங்கீதத்தைச் சொல்லி. அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்கு மட்டும் வீட்டில் தடை நீங்கியது.

இதை முதலில் பாடியவர்கள் ஜமைக்காவின் மெலோடியன்ஸ், 1970இல். அதைக் குழந்தைக்கும் ஆடத் தோன்றுகிற மாதிரி மாற்றியவர் ஜெர்மனியின் ஃபிராங்க் ஃபாரியன். மேடையில் குதித்துக் குதித்து ஆடுவாரே பாபி ஃபாரெல், பதிவுகளில் அவர் குரலே கிடையாது, அந்தக் கட்டைக் குரல் ஃபாரியனுடையது. இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்துவிட்டு இசைத்தட்டு இறங்கத் தொடங்கியபோது வானொலிக்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். பின்பக்கத்தில் 'பிரவுன் கேர்ள் இன் தி ரிங்'. அதே தட்டு மறுபடி மேலே ஏறி இரண்டாம் இடம் வரைக்கும் போனது. (பாட்டுக்குத் தொடர்பில்லாத ஒரு தகவல், சொல்லாமல் இருக்க முடியவில்லை: ரஸ்புடின் என்ற ரஷ்யச் சாமியாரைப் பற்றிய பாட்டுக்கு ஆடிப் புகழ்பெற்ற அந்த ஃபாரெல் 2010 டிசம்பர் 30ஆம் தேதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தார். ரஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே ஊர், அதே டிசம்பர் 30, வருஷம் மட்டும் 1916.)

ஏழு, பீ ஜீஸின் 'ஸ்டேயிங் அலைவ்', 1977. இதை நீங்கள் நிறையத்தான் போடுகிறீர்கள், ஆனால் அந்த டிரம்மைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. பாரிசுக்கு வெளியே ஒரு பழைய மாளிகையில் பதிவு நடந்தது. டிரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்ப விஷயமாக ஊருக்குப் போய்விட்டார். மாற்று ஆள் கிடைக்கவில்லை. அவர் ஏற்கெனவே 'நைட் ஃபீவர்' பாட்டுக்கு வாசித்திருந்ததில் ஒரு துண்டை வெட்டி, நாடாவின் இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார்கள். பாட்டு முழுக்க அதே துண்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது. மனிதக் கையாக இருந்தால் எங்காவது கொஞ்சம் முன்னே பின்னே போகும், இது போகாது. நடக்கிறவன் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிற உணர்வு வருவது அதனால்தான். டிரம்ஸ் வாசித்தவர் பெயராக பெர்னார்ட் லூப் என்று விளையாட்டுக்குப் போட்டுவைக்க, அந்த லூப் என்பவரைத் தேடி ஆட்கள் அலைந்தார்களாம். லூப் என்றால் வளையம், அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒருமுறை முதலுதவிப் பயிற்சி நடந்தது. இதயம் நின்றவருக்கு நெஞ்சில் அழுத்துவது எப்படி என்று ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்த வேண்டும், கணக்குத் தப்பாமல் இருக்க மனதுக்குள் இந்தப் பாட்டைப் பாடிக்கொள்ளுங்கள் என்றார் வந்தவர். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 103 அல்லது 104 தட்டு, சரியாகப் பொருந்துகிறது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கேஷியர் சார், ரிட்டயர் ஆக ஆறு மாதம் இருந்தவர், முட்டிபோட்டு உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே அழுத்தினார். எங்களில் சரியாகச் செய்தது அவர் ஒருவர்தான். பாடினீர்களா சார் என்று கேட்டேன். இல்லம்மா, கந்த சஷ்டி கவசம் என்றார்.

ஆறு, கார்ப்பென்டர்ஸின் 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்', 1973. வானொலியைப் பற்றிய பாட்டு, அதனால் உங்களுக்கென்றே சேர்த்தேன். பழைய பாட்டுக்காக ரேடியோ பக்கத்தில் காத்திருந்த பெண் பாடுவது. அந்த எல்பியில், அதாவது பல பாட்டு உள்ள பெரிய இசைத்தட்டில், இந்தப் பாட்டு முடிந்ததும் ஒரு வானொலி ஒலிபரப்பு மாதிரியே பழைய பாட்டுத் துணுக்குகள் வரிசையாக வரும், நடுவில் வாய் ஓயாமல் பேசும் அறிவிப்பாளராக நடித்திருப்பவர் அவர்களுடைய கிட்டார்காரர் டோனி பெலூசோ. பாட்டின் மேல் பேசும் உங்கள் பழக்கத்தை 1973லேயே கிண்டல் செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரன் கார்ப்பென்டர் தன்னை டிரம்மர் என்றுதான் முதலில் நினைத்திருந்தவர், குரலை உலகம்தான் பிடித்துக்கொண்டது. உணவை ஒதுக்கும் நோயால் நலிந்து 1983இல் போய்விட்டார், வயது 32. அந்தக் கீழ்ஸ்தாயிக் குரலைக் கேட்டால் எனக்கு இப்போதும் தொண்டையில் ஏதோ அடைக்கும். மேலே எழுதத் தெரியவில்லை.

ஐந்தும் நாலும் ஒரே வகை, இரண்டுமே இசைத்தட்டின் பின்பக்கத்தில் கிடந்தவை. குளோரியா கேய்னரின் 'ஐ வில் சர்வைவ்' 1978இல் வந்தபோது முன்பக்கத்தில் 'சப்ஸ்டிட்யூட்' என்றொரு பாட்டு இருந்தது, இன்று அதை நினைவு வைத்திருப்பவர் யார்? மேடையில் விழுந்து முதுகெலும்பில் அறுவை செய்துகொண்டிருந்த அவர், முதுகுப் பட்டையைக் கட்டிக்கொண்டு போய்ப் பாடியது இது. நியூயார்க் கிளப்புகளில் இசைத்தட்டு போடுகிறவர்கள்தான் திருப்பிப் போட்டார்கள், ஆடுகிறவர்கள் விடவில்லை, வேறு வழியில்லாமல் கம்பெனியும் முன்பக்கத்துக்கு மாற்றியது, 1979 மார்ச்சில் அமெரிக்காவில் முதலிடம். தொடக்கத்தில் ஒரு பியானோ ஓடி இறங்கும் பாருங்கள், தாளமே இல்லாமல். அந்த இடத்தில்தான் நீங்கள் எல்லாரும் வாட்ஸப் நம்பர் சொல்கிறீர்கள்.

நாலாவது இடத்தில் பில் விதர்ஸ். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'எய்ன்ட் நோ சன்ஷைன்', 1971. அப்போது அவருக்கு வயது 33ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷம் அமெரிக்கக் கடற்படை, அப்புறம் விமானத்துக்குக் கழிவறை செய்யும் தொழிற்சாலையில் வேலை. முதல் எல்பிக்கான படத்தை வேலையிடத்திலேயே சாப்பாட்டு இடைவேளையில் எடுத்தார்கள். செங்கல் சுவரோரம் நிற்கிறார், கையில் சாப்பாட்டுப் பெட்டி. அது படத்துக்காகக் கொடுத்தது இல்லை, அன்றைய சாப்பாடு கொண்டுவந்த பெட்டி. பாட்டு என்றைக்கு வேண்டுமானாலும் கைவிடும் என்று நினைத்து வேலையை விடாமல் இருந்தார்.

பாட்டின் நடுவில் 'எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்' என்று ஒரே சொற்றொடர் 26 முறை வரும். அந்த இடத்துக்கு அவர் வரி எழுதியிருக்கவில்லை, இடம் நிரப்ப அப்படிப் பாடிக் காட்டினார், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று. கூட இருந்த பெரிய வாத்தியக்காரர்கள் வேண்டாம், இப்படியே விடு என்று சொல்லிவிட்டார்கள். நான் தொழிற்சாலை ஆள், அவர்கள் அனுபவசாலிகள், சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்பதுதான் பிற்பாடு அவர் சொன்ன விளக்கத்தின் சாரம். வரி எழுதியிருந்தால் அது இன்னொரு காதல் தோல்விப் பாட்டாகியிருக்கும். புத்தி சொல்கிறதைக் கால் கேட்காமல் அவள் வீட்டு வாசலுக்கே போகிற நிலைமை அந்த 26 முறையில்தான் இருக்கிறது. முன்பக்கம் 'ஹார்லெம்' என்ற வேறு பாட்டு. திருப்பிப் போட்டவர்கள், சொல்லவே வேண்டாம், உங்கள் ஜாதிதான், வானொலிக்காரர்கள். பாட்டு விற்றுத் தீர்ந்ததும் கம்பெனி அவருக்குத் தங்க நிறத்தில் ஒரு கழிவறை இருக்கையைப் பரிசளித்ததாம். பாட்டின் மொத்த நீளம் இரண்டு நிமிடமும் சில வினாடியும். இதையுமா வெட்டுவீர்கள்? வெட்டினீர்களே! போன தீபாவளிக்கு முந்தின வாரம், 26இல் ஒன்பதாவதோ பத்தாவதோ போய்க்கொண்டிருந்தபோது.

மூன்றுக்குப் போவதற்கு முன் ஒரு இடைவேளை, நீங்கள் எடுத்துக்கொள்கிற மாதிரி. ஆபா எங்கே, 'டான்சிங் குவீன்' எங்கே, 'ஹோட்டல் கலிபோர்னியா' எங்கே என்று கேட்பீர்கள். அவை எல்லாம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அவற்றுக்கு என் சிபாரிசு தேவையில்லை. 'ஹோட்டல் கலிபோர்னியா' இந்த நாட்டில் கிட்டார் வாங்கிய ஒவ்வொரு பையனும் மொட்டைமாடியில் வாசித்தது. 'டான்சிங் குவீன்' விஷயத்தில் ஒரே கோரிக்கை, ஆரம்பத்தில் பியானோவில் விரலை மேலிருந்து கீழே இழுத்துவிடும் ஒரு சறுக்கல் இருக்கிறது, ஒரு வினாடிதான், அதன் மேல் பேசாதீர்கள். அந்தச் சறுக்கல் இல்லாவிட்டால் அது செருப்பு ஒன்றைத் தொலைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருக்கிறது.

மூன்று, கேட் புஷ்ஷின் 'வதரிங் ஹைட்ஸ்', 1978. எமிலி பிராண்டியின் நாவலில் செத்துப்போன கேத்தி பேயாக வந்து ஜன்னலைத் தட்டுவாள், அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று அவளே பாடுகிற பாட்டு. எழுதியபோது பாடகிக்கு 18 வயது, இங்கிலாந்தில் முதலிடம் வந்தபோது 19. தான் எழுதித் தானே பாடிய பாட்டால் அங்கே முதலிடம் பிடித்த முதல் பெண். கம்பெனி முதல் வெளியீடாக வேறொரு பாட்டைத்தான் விரும்பியது, அந்தச் சின்னப் பெண் இதுதான் என்று நின்றாள். முதல்முறை கேட்டபோது அண்ணன் 'பூனையை யாரோ மிதித்துட்டான்' என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது தடவையில் மயிர்க்கூச்செறிந்தது. பேய்க்கு எந்தக் குரல் இருக்கும் என்று யோசித்தால் அந்தக் குரல்தான் இருக்கும், ஆசையும் குளிரும் ஒன்றாய்ச் சேர்ந்து. அவள் பாடி ஓய்ந்த பிறகு இயன் பேர்ன்சன் என்பவரின் கிட்டார் தனியாகப் போகும், கதவு திறந்ததா இல்லையா என்பதை அது சொல்லாமல் அலைந்துகொண்டே தேய்ந்துபோகும். வானொலியில் அந்தக் கிட்டாரை நான் ஒரே ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை. பாடுகிறவர் வாயை மூடினால் பாட்டு முடிந்தது என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இரண்டு, டேவிட் போயியின் 'லைஃப் ஆன் மார்ஸ்'. எல்பியில் 1971, தனித்தட்டாக வந்தது 1973. இதன் பின்கதை ரோஷம் சம்பந்தப்பட்டது. 1968இல் ஒரு பிரெஞ்சுப் பாட்டுக்கு ஆங்கில வரி எழுதும் வேலை, பேர் தெரியாத இளைஞனாக இருந்த போயிக்கு வந்தது. எழுதினார், நிராகரித்துவிட்டார்கள். அதே மெட்டின் உரிமையை வாங்கி பால் ஆன்கா வேறு வரி எழுத, அது ஃபிராங்க் சினாட்ரா பாடிய 'மை வே' ஆனது. உலகம் முழுக்க ஓய்வுபெறும் மேனேஜர்கள் எல்லாம் பிரிவுபசார விழாவில் பாடுகிற பாட்டு! அந்தக் கடுப்பில் அதன் சாயலிலேயே, அதைவிட உயரமாகத் தாவுகிற ஒன்றை எழுதிக் காட்டினார். எல்பியின் பின்னட்டையில் 'ஃபிராங்கியின் தூண்டுதலால்' என்று குறும்பாக எழுதியும் வைத்தார். பியானோ ரிக் வேக்மேன், வயலின் கூட்டத்துக்கு எழுதியவர் மிக் ரான்சன்.

எனக்குப் பிடித்த இடம் இவை எதுவும் இல்லை. வயலின்கள் எல்லாம் உச்சத்துக்குப் போய் அடங்கிய பிறகு, முடிந்துவிட்டது என்று எழுந்திருக்கும்போது, தூரத்தில் மறுபடி பியானோ மெல்லக் கேட்கும். அப்புறம் ஒரு டெலிபோன் மணி. ஸ்டூடியோவில் முந்தைய பதிவு ஒன்றை அந்தப் போன் கெடுத்துவிட்டது, அதே நாடாவின் மேல் திரும்பப் பதிந்தபோது வால் பகுதி மட்டும் அழியாமல் தங்கிவிட்டது, கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய நாடகம் நடந்து முடிந்த வீட்டில் யாரோ போன் அடிக்கிறார்கள், எடுக்க ஆள் இல்லை. ஒலிபரப்பில் அந்த மணி வந்தால் நேயர் தன் வீட்டுப் போன் என்று நினைத்து ஓடுவார் என்று பயப்படுகிறீர்களா? ஓடட்டுமே. நான் ஓடியிருக்கிறேன்.

இனி ஒன்று.

1982இல் எங்கள் ஊரில் ஒரு ரெக்கார்டிங் கடை. அந்தக் காலத்தில் அது எப்படி என்று தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: காலி கேசட்டும் ஒரு தாளில் பாட்டுப் பட்டியலும் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடம் இசைத்தட்டு இருந்தால் வரிசையாகப் பதிந்து ஒரு வாரத்தில் கொடுப்பார், அழகான கையெழுத்தில் அட்டையில் பாட்டுப் பெயர் எழுதி. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த டிடிகே 90இல் நான் பதினெட்டுப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கடைக்காரருக்கு நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது, நாடா தீர்கிற வரைக்கும் பதிவார். ஏ பக்கத்துக் கடைசிப் பாட்டு 'ஐம் நாட் இன் லவ்'. அந்தக் கிசுகிசுக்கும் பெண் வருவாள், என்னவோ சொல்ல வாயெடுப்பாள், 'டக்'கென்று பட்டன் மேலே எழும்பி நின்றுவிடும்.

பதினாறு வருஷம் எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் முடிந்தது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நானே விதவிதமாக முடித்து வைத்திருந்தேன். என் கல்யாணம் நிச்சயமான வருஷம் ஒரு மாதிரி, அப்பா இறந்த வருஷம் ஒரு மாதிரி. 1998இல் அலுவலகத் தோழி ஒருத்தி வீட்டில் சிடி. அதே பாட்டு, அதே இடம், என் விரல் தன்னாலே பட்டன் எழும்பும் சத்தத்துக்குத் தயாராகிவிட்டது. சத்தம் வரவில்லை. அந்தப் பெண் சொல்லி முடித்தாள். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, சத்தம் போடாதே, வளர்ந்த பையன் அழக்கூடாது என்று பிள்ளையை அமர்த்துகிற மாதிரி ஒரு வார்த்தை. அப்புறம் இன்னும் மூன்று நிமிடம் போனது. தோழி காபி கொண்டுவந்து வைத்தாள், ஆடை கட்டுகிற வரைக்கும் நான் தொடவில்லை.

பிறகுதான் அந்தப் பாட்டை எப்படிச் செய்தார்கள் என்று தேடித் தெரிந்துகொண்டேன். மான்செஸ்டர் பக்கத்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊர், ஸ்ட்ராபெரி ஸ்டூடியோ, அது பாட்டுக்காரர்களில் ஒருவரான எரிக் ஸ்டூவர்ட்டுக்கும் பங்குள்ள இடம். உன்னைக் காதலிக்கிறேன் என்று நீங்கள் அடிக்கடி சொல்வதே இல்லையே என்று மனைவி கேட்டாராம். அதற்குப் பதிலாகக் காதலிக்கவே இல்லை என்று ஆறு நிமிடம் மறுக்கிற பாட்டை எழுதினார். சுவரில் மாட்டிய உன் படம்கூட ஒரு கறையை மறைக்கத்தான் என்கிறான். எந்த ஆம்பளை இதைச் சொல்லி நாம் நம்பியிருக்கிறோம்? முதலில் போசா நோவா தாளத்தில் செய்து, பிடிக்காமல், அழித்துவிட்டார்கள். ஆனால் ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள் அந்த மெட்டையே முணுமுணுத்துக்கொண்டு திரிய, திரும்ப எடுத்தார்கள். வாத்தியம் வேண்டாம், எல்லாம் குரலாக இருக்கட்டும் என்று யோசனை சொன்னவர் குழுவில் இன்னொருவரான கெவின் காட்லி.

ஆட்கள் இல்லை, இருந்தது நாலு பேர். மூன்று பேர் மைக் முன்னால் நின்று ஒரே ஸ்வரத்தில் 'ஆ' என்று பாடினார்கள், ஸ்டூவர்ட் பதிந்தார். ஒரு ஸ்வரத்துக்கு 16 தடவை. மூன்று பேர் பதினாறு தடவை என்றால் 48 குரல். இப்படி ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரைக்கும் இடையிலுள்ள எல்லாப் படிகளும் சேர்த்து 13 ஸ்வரம். மொத்தம் 624 குரல். மூன்று வாரம் நாள் முழுக்க 'ஆ'. ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீள நாடாவில் ஏற்றி, முனையை ஒட்டி வளையமாக்கி, நிற்காமல் ஒலிக்கவைத்தார்கள். கடைசியில் மிக்சிங் மேஜையே ஒரு வாத்தியமாகிவிட்டது. ஆளுக்குச் சில ஃபேடர்கள், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற தள்ளு பட்டன்கள், எந்த ஸ்வரம் வேண்டுமோ அதை மேலே தள்ளி, வேண்டாததைக் கீழே இழுத்து. கீழே இழுத்தாலும் முழுசாக அணைந்துவிடாதபடி ஃபேடரின் அடியில் டேப் ஒட்டிவைத்தார்கள். அதனால்தான் அந்தப் பாட்டில் எப்போதும் எல்லா ஸ்வரமும் கொஞ்சம் கொஞ்சம் மூடுபனி மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கிறது. நெஞ்சுத் துடிப்பு மாதிரி கேட்பது டிரம் இல்லை, மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம். கிசுகிசுத்தது ஸ்டூடியோவின் வரவேற்பில் இருந்த கேத்தி ரெட்ஃபெர்ன் என்ற பெண். ஏதோ ஒரு வேலையாகக் கதவைத் திறந்து ரகசியக் குரலில் உனக்குப் போன் வந்திருக்கிறது என்று சொல்லப் போய், குரல் பிடித்துப்போய், மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

1975 ஜூனில் இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம். மூன்று வாரம் மூன்று மனிதர்கள் மூச்சுப்பிடித்துப் பாடியதில் பாதியை, என் ஊர்க் கடைக்காரர் நாடா தீர்ந்ததால் வெட்டினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உங்களிடம் நாடாவே கிடையாதே, தீர்வதற்கு.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு. இந்த எட்டு வேண்டாம் என்றால் உங்களுக்குப் பிடித்த எட்டைப் போடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன், வந்தாலும் போனில்தான் வருவேன். ஆனால் முழுசாக. பாட்டு தொடங்குவதற்கு முன் யார் பாடியது, எந்த வருஷம், யார் வாசித்தது என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள், நீங்கள் நன்றாகப் பேசுகிறவர்கள்தான், அந்த ஆன்ட்டி தம்பி உள்பட. சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடுங்கள். மணி அடித்தால் அடிக்கட்டும், கிட்டார் அலைந்தால் அலையட்டும்.

முழுப் பாட்டு உங்கள் சேமிப்பில் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்வீர்களானால் என் டிடிகே கேசட் இன்னும் இருக்கிறது, நானே கொண்டுவந்து தருகிறேன். பூஞ்சை பிடிக்காமல் அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன், இப்போதும் ஓடுகிறது. அதில் மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்பது உங்களுக்கு வசதியாகவும் இருக்கும்.

இப்படிக்கு,
கையில் மாவோடு நின்ற நேயர்